பத்து மடங்கு தண்ணீர், அரைப் புள்ளி

மனுகாவிலிருந்து வடக்கே போகும் பெரிய தெருவில் நடந்துகொண்டிருந்தேன். காலில் கம்பனியின் ரப்பர் பூட்ஸ். கழற்றிக் கொடுக்கக்கூட நிற்கவில்லை, அவ்வளவு கோபம். தொண்ணூறுகளின் நடுவில் ஒக்லாந்தில் எனக்கு அது நாலாவது வேலை.

கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றும் தொழிற்சாலை. ஒன்பது வாளி தண்ணீரில் ஒரு வாளி அசெற்றிக் அமிலம் கலந்து தொட்டியை நிரப்புவது என் வேலை. வாளிக்கு ஒரு கோடு சுவரில் சோக்கால் போடுவேன்.

அன்று ஒரு லோடு நூல் திட்டுத்திட்டாக வந்தது. சாயம் சமமாகப் பிடிக்க மெதுவாக ஏற்ற வேண்டிய சூட்டை அவசரமாக ஏற்றியவர் சூப்பர்வைசர் செந்தில். திருப்பூரில் பருத்திச் சாயப்பட்டறையில் பழகியவர், என்னைவிட இளையவர். அவர் நேரே என் தொட்டிக்கு வந்து பி.எச். மீட்டரை விட்டார். கலக்காத அமிலம் 2.4 காட்டும். தொட்டி 2.9 காட்டியது.

"அண்ணே, பத்து மடங்குன்னா பி.எச். ஒண்ணு ஏறணும். அரைதான் ஏறியிருக்கு. மூணு மடங்கோட நிறுத்திட்டீங்க."

அது ஹைட்ரோகுளோரிக் போன்ற வன்னமிலத்துக்கான கணக்கு. நான் சொன்னேன்: "தம்பி, இது மென்னமிலம். முழுக்கப் பிரியாது. தண்ணி கூட்டினா, பிரியாமக் கிடக்கிறதில இன்னும் கொஞ்சம் பிரியும். அதால அரைதான் ஏறும்."

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"ஏ.எல். முதல் வருஷம். பிறகு பள்ளிக்கூடம் அகதி முகாமா மாறிப்போட்டுது."

"அப்ப எனக்குக் கிளாஸ் எடுக்காதீங்க."

அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதினேன். கம்பனிக்கு வரும் அமிலத்தின் செறிவு 1, பத்து மடங்கு கலந்தபின் 0.1. பிரிகை மாறிலி 0.000018. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.00134. பி.எச். 2.87. அவர் படிக்கவில்லை. அளவுச்சாடியில் நூறு மில்லி அமிலத்தை அவர் கண்முன்னே ஒரு லிட்டராக்கினேன். மீட்டரை அவரே விட்டார். 2.9.

மீட்டரைத் துடைத்து வைத்தார். பிறகு, நான் தண்ணீரைக் குறைத்து ஊற்றியதாக லொக் பதிவுப் புத்தகத்தில் எழுதி, பேனாவை நீட்டினார்.

"சரிண்ணே, நீங்க சொன்னதுதான். ஆனா லோடு போச்சு, யாராவது கையெழுத்துப் போடணும். எனக்கு மார்ட்கேஜ் இருக்கு. நீங்க தனி ஆளு, வேற வேலை தேடிக்குவீங்க."

"பிழை விட்டது நீர். நீரே போடும்."

போடாவிட்டால் வேலை இல்லை என்றார். பேனாவைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தெரியாமல் குற்றம் சாட்டியிருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்த பிறகும் பேனாவை நீட்டினாரே, அதற்கு இன்றுவரை மன்னிப்பு இல்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: சந்தேகப்பட்டால் திரும்பச் செய்து காட்டுங்கள். கண்ட பிறகும் ஒப்பாதவனிடம் ஒரு மணி நேரம்கூட நிற்காதீர்கள்.

மறுநாள் காலை பக்குரங்காவில் ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவச் சேர்ந்தேன். முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று முதலாளியம்மா கேட்டார். செய்யாத பிழைக்குக் கையெழுத்துக் கேட்டார்கள் என்றேன். அவர் ஏப்ரனைக் காட்டினார். கட்டிக்கொண்டேன்.