ஒரு மடக்கு டம்ளர்

பாவா எனக்குக் கொடுத்த ஒரே பரிசு ஒரு கண்ணாடி டம்ளர். ஒரு மடக்குக்கு மேல் பிடிக்காது. பீப்பாய் மேல் ஒரு யானை உட்கார்ந்திருப்பதுபோல் பக்கத்தில் தங்க நிறத்தில் படம் போட்டிருக்கும். பெங்களூரில் பீரைத் தாங்களே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற ஒரு கடையில், ருசி பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் டம்ளர் அது. "வெச்சிக்கோ மச்சான், ஞாபகத்துக்கு" என்று என் கையில் திணித்தார். ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருஷமாக அதை உடைக்காமல் வைத்திருக்கிறேன்.

பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். திருத்தணியில் மலையடிவாரத்தில் சொந்த வீடு, சென்னையில் ஒரு கம்பெனியில் மேனேஜர் வேலை. எனக்கு அவரைப் பிடிக்காது. இதை மறைத்துக்கொண்டு எழுதுவதில் அர்த்தமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இந்த மாதிரிக் கடைகளைத் தேடிக் கிளம்பிவிடுவார். குடிக்கப் போகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, 'டேஸ்ட்' பண்ணப் போகிறாராம். கையில் ஒரு சின்ன நோட்டு. நிறம் எப்படி, நுரை எவ்வளவு நேரம் நின்றது, தொண்டையில் இறங்கியபின் நாக்கில் என்ன மிச்சம் என்று பரீட்சை எழுதுகிற பிள்ளையைப்போல் எழுதுவார். அவர் பேச்சுக்கும் நடத்தைக்கும் ஒத்துவரவில்லையே என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "அது வேற, இது வேற." அக்கா கல்யாணமான நாளாக அவளுக்கும் எனக்கும் காது புளித்துப்போன வாக்கியம்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி ஆந்திர எல்லையைத் தாண்டுவார். அங்கே ஒரு தோப்பில் கள் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார். சண்டை கிடையாது, தள்ளாட்டம் கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். சட்டையில் மட்டும் புளித்த வாடை அடிக்கும். பாவா வீட்டுக் கிரகப்பிரவேசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் போய்விட்டது. நைனா வழக்கத்தை விடவில்லை. சாயங்காலம் அந்தச் சட்டையோடே வந்து பாவாவின் ஆபீசர் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா துன்னீங்களா சார்?" என்று அன்பாகக் கேட்டார். ஆபீசர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து நைனா அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்றாகிவிட்டது.

அக்கா மகள் வயசுக்கு வந்தாள். மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா. "உங்க நைனா வேணாம். வாடை வரும்" என்றார் பாவா. அக்கா அழுதாளே தவிர எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் என்றைக்குமே பேசியதில்லை. நைனாவுக்கு இருப்பது ஒரே பேத்தி. விஷயம் காதில் விழுந்ததும் மனுஷன் கள்ளையே நிறுத்திவிட்டார். "பத்து நாளா தொடலடா. வோணும்னா அவரு மூஞ்சிக்கு நேரா ஊதிக் காட்றேன்னு சொல்லு" என்றார் என்னிடம். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, விழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

விழாவுக்கு முந்தின சனிக்கிழமை பாவாவுக்குப் பெங்களூர் போக வண்டி ஓட்ட ஆள் தேவைப்பட்டது. நான் குடிப்பதில்லை என்பதால் என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது டம்ளருக்கு மேல் அவர் கொஞ்சம் இளகுவார் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து நைனாவுக்காகக் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். முதல் கடையில் குழி வெட்டிய மரப்பலகை ஒன்றில் ஆறு டம்ளர்களை வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார், சுழற்றுவார், மூக்கை உள்ளே விடுவார், பிறகுதான் வாய். மூன்றாவது முடிந்ததும், "பாவா, நைனா விஷயம்..." என்று ஆரம்பித்தேன். "இரு, இன்னும் நாக்குல நிக்குது" என்று கையைக் காட்டினார். இரண்டாவது கடையில், நுரை சீக்கிரம் அடங்கிவிட்டதென்று பரிமாறுகிற பையனோடு அரை மணி நேரம் வாதம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவதுதான் யானைக் கடை. காய்ச்சுகிறவரே வந்து பேசினார், தமிழ் தெரிந்தவர். புதிதாக ஒன்று போட்டிருப்பதாகச் சொல்லி மங்கலாக, வெள்ளையாக ஒரு டம்ளரை நீட்டினார். பாவா கண்ணை மூடிக்கொண்டார். "இன்னா புளிப்பு! இன்னா ஒரு மணம்!" என்று உருகிவிட்டு, "நாக்குல வெச்சிப் பாரு மச்சான்" என்று என்னிடம் தள்ளினார். வைத்துப் பார்த்தேன். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா என்னைத் தூக்கும்போது அவர் சட்டையில் அடித்த அதே வாடை. "பாவா, இது கள்ளு" என்றேன்.

பாவா முகம் மாறுவதற்குள் கடைக்காரர் துள்ளிவிட்டார். "கரெக்டா சொன்னீங்க! இந்த ருசி வரத்துக்குதான் ஆறு மாசமா பாடுபட்டேன்." பாவா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க மாமனாரு இதுல கில்லாடிங்க. ஒரு வாய் வெச்சா எந்தத் தோப்புன்னு சொல்லிடுவாரு." நைனாவோடு சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியிராத மனுஷன், பெருமை வழியப் பேசினார். "அவர ஒரு தடவ கூட்டிட்டு வாங்க சார்" என்றார் கடைக்காரர். "ஆங், கண்டிப்பா கூட்டினு வரேன்" என்றார் பாவா. அந்தச் சந்தோஷத்தில் கடைக்காரர் பாவாவுக்குக் கொடுத்து, பாவா என் கையில் திணித்ததுதான் இந்த டம்ளர்.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. திரும்பும் வழியில் முல்பாகல் தாண்டியதும் கேட்டேன், "அப்ப நைனா ஃபங்ஷனுக்கு வரலாம் இல்ல பாவா? பத்து நாளா நிறுத்திட்டாரு." பாவா சீட்டைச் சாய்த்துக்கொண்டார். "அது வேற, இது வேற மச்சான்." ஐந்து நிமிடத்தில் குறட்டை. அங்கேயே வண்டியை நிறுத்தி அவரை ரோட்டில் இறக்கி விட்டிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? அவர் தூக்கம் கெடக் கூடாதென்று ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.

விழாவில் தாய்மாமனாக முதல் மாலையை நான்தான் போட்டேன். "தாத்தா எங்க மாமா?" என்று கேட்டாள் பெண். "தாத்தாவுக்கு ஒடம்பு சரியில்லம்மா" என்று பாவா முந்திக்கொண்டு சொல்ல, நானும் தலையை ஆட்டினேன். சாயங்காலம் ஊருக்குப் போனபோது நைனா கேட்டது ஒன்றுதான்: "புள்ளைக்கு இன்னா கலர் பொடவ?" அரக்கு என்றேன். சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தார். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

இந்த வருஷம் நைனாவின் படையலுக்கு எல்லை தாண்டிப் போய்க் கள் வாங்கி வந்தேன். பொங்கிவிடும் என்பதால் தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்காமல் பஸ்ஸில் மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன். நான்கு பேர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கருவாட்டுக் குழம்பு, வடை, பீடிக்கட்டு, அவற்றோடு யானை டம்ளரில் கள். அக்காவோடு படையலுக்கு வந்திருந்த பாவா பார்க்கட்டும் என்றுதான் அந்த டம்ளர். வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை.

பார்த்தார். வெட்கப்படுவார் என்று நினைத்திருந்தேன். குனிந்து இலையிலிருந்து டம்ளரை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டார். "எந்தத் தோப்பு மச்சான்?" என்றபடியே வாய்க்குக் கொண்டுபோனார். பக்கத்தில் சோறு வைத்துக்கொண்டிருந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் விரல்களிலிருந்து டம்ளரைப் பிடுங்கினாள்.

"நீங்க டேஸ்ட் பண்றது வேற. இது வேற. இது எங்க நைனாது."

இலையில் திரும்ப வைத்துவிட்டு, சிந்தியதை முந்தானையால் துடைத்தாள். பாவா கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார். கற்பூரம் அணைந்ததும், குடிக்காதவனான நான் அந்த ஒரு மடக்கை அவர் பார்க்கும்படி குடித்தேன். பிறகு டம்ளரைக் கழுவி, மறுபடி அலமாரியில் வைத்தேன்.