அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர்

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்குச் சீப்பம்மா என்று பெயர். அவள் மேசைக்கு வரும் எந்தத் தாளும் சிக்கெடுக்கப்படாமல் திரும்பிப் போகாது என்பதால் யாரோ வைத்த பட்டம். அது அவள் காதுக்கு எட்டவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளோ வீட்டில் கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். "பேனுன்னு வைக்காம விட்டாங்களே" என்று அவர் சொன்னதால் அன்று அவருக்கு இரண்டாவது தேநீர் கிடைக்கவில்லை.

பணியாளர் பிரிவின் கண்காணிப்பாளர் அவள். யாருக்கு எப்போது விடுப்பு, யாருக்கு எந்த இருக்கை என்பதெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். பதவி உயர்வு மட்டும் போகாது. பிரிவுத் தலைவர்கள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி மூடிய உறையில் எழுதி அனுப்புவார்கள். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் முடிவைப் பார்த்தாலே விளங்கிவிடும். மாடியில், அதிகாரியின் அறையை ஒட்டி மேசை போட்டவர்கள் மேலே போவார்கள். கீழே ஜன்னலில் உட்கார்ந்தவர்கள் ஜன்னலிலேயே நரைத்துப்போவார்கள்.

ஜன்னல் என்பது பொதுமக்கள் வந்து நிற்கும் இடம். தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் கலங்கல், வராத தண்ணீருக்குக் கட்டணச் சீட்டு வந்துவிட்டது என்று கம்பிக்கு வெளியே காலை முதல் சண்டை நடக்கும். தலைவர்களுக்குப் பிடிக்காதவர்களை அங்கே இறக்கிவிடுவது அலுவலகத்தின் பழக்கம். "ரொம்பப் பேசினா ஜன்னல்தான்" என்று புதிதாகச் சேருபவர்களைப் பயமுறுத்துவார்கள்.

மூன்றாம் ஜன்னல்காரர் ரொம்பப் பேசித்தான் அங்கே வந்தவர். வந்த பிறகும் வாய் குறையவில்லை. அவர் ஒருவரோடு பேசினால் மொத்த வரிசைக்கும் கேட்கும். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் ஏறியதில்லை.

சீப்பம்மாவின் தம்பிக்கு மாடியில் மேசை. அதே அலுவலகத்துக்குத் தேர்வெழுதி வந்தவன். பளிச்சென்று உடுத்துவான், அளவாகப் பேசுவான், மேசையில் ஒரு தாள் கோணலாக இருக்காது. தலைமை எழுத்தர் இடம் ஒன்று காலியாகப்போகிறது என்றதும் அது தம்பிக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தம்பி வீட்டில் எல்லோருக்கும் முன்பே முடிவு கட்டியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் புதிய அதிகாரி வந்தார். வந்த வேகத்தில் சீப்பம்மாவைக் கூப்பிட்டார்.

"மூடின உறையெல்லாம் இனிமே வேணாம் மேடம். பதவி உயர்வுக்கு நியாயமா ஒரு நடைமுறை எழுதிக் குடுங்க. இந்த இடத்துக்கே அதை வச்சுப் பாக்கலாம்."

அவள் உடனே சொல்லிவிட்டாள். "சார், இந்த இடத்துக்கு என் தம்பியும் இருக்கான். நான் எழுதினா நாளைக்குப் பேச்சு வரும்."

"எழுதுறது நீங்க. யாருக்குன்னு முடிவு பண்ற அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள நீங்க வராதீங்க. சரியா?"

சரி என்று வந்துவிட்டாள். ஆனால் வேலை அவ்வளவு சுலபமாக இல்லை. தம்பிக்குக் கிடைத்தால் அக்கா பார்த்துக் கொடுத்தது என்பார்கள். பிறகு அந்த முறையை யாரும் நம்ப மாட்டார்கள். கிடைக்காவிட்டால் தம்பியை இழக்க வேண்டியிருக்கும். கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

முதலில் அவள் எழுதியது எளிமையாக இருந்தது. முடித்த வேலைக்கு மதிப்பெண். யார் அதிகம் முடிக்கிறார்களோ அவர்களுக்கு அதிகம். இதில் யார் என்ன குறை சொல்ல முடியும் என்று நினைத்தாள். ஒரு மாதம் சோதனையாக விட்டுப் பார்த்தார்கள்.

அந்த மாதம் அலுவலகமே சுறுசுறுப்பாகிவிட்டது. ஒரு குழாய் உடைந்தால் உடைப்பு ஒரு புகார், ஒழுகல் ஒரு புகார், ஈரமான சாலை ஒரு புகார் என்று மூன்றாக்கி முடித்தார்கள். பெயர் மாற்ற விண்ணப்பங்களுக்கு அடிதடி. அவை ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். ஒரே இணைப்புக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்ளும் வழக்குகளைத் தொட ஆளில்லை. அலுவலகத்து வாசலில் ஒழுகிய குழாயை வாராவாரம் ஒருவர் சரிசெய்ததாக எழுதினார். அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஜன்னல்காரருக்கு மதிப்பெண் எதுவும் இல்லை. படியேறி வந்து அவள் அறை வாசலில் நின்றார்.

"என் வேலை என்னைக்கு மேடம் முடியும்? ஒருத்தர் போனா அடுத்தவர் வர்றார். நடுவுல கதவ இழுத்துச் சாத்திட்டு முடிஞ்சுதுன்னு எழுதவா?"

பக்கத்து அறைகளில் சிரிப்புக் கேட்டது. சீப்பம்மாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. கோபம் அவர் மேல் இல்லை. தானே உட்கார்ந்து சீவிச் சீவி எழுதியதில் இவ்வளவு பெரிய சிக்கு இருந்திருக்கிறதே என்றுதான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து சமையலறைக்குள் போனாள். அது இரண்டு குடும்பங்களுக்குப் பொதுவான அடுப்படி. கொழுந்தனும் அவன் மனைவியும் மாடியில் இருந்தார்கள். காலைச் சமையல் சீப்பம்மாவுக்கு, மாலைச் சமையல் ஓரகத்திக்கு. காலையில் ஓடுகிற அவசரத்தில் அவள் விட்டுப்போன பாத்திரங்களை ஓரகத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல சமையல்னு காலைல எல்லாரும் உங்களைப் பாராட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள் ஓரகத்தி, திரும்பிப் பார்க்காமல். "அடி பிடிச்ச சட்டிய யாரு பாத்தா? நான்தான் பாத்தேன்."

"இன்னைக்கு நேரமாயிடுச்சு."

"தினமும்தான் ஆகுது அக்கா. சாப்பிட்டவங்களுக்கு என்ன தெரியும்? உங்க லட்சணம் எனக்குத் தெரியும், என் லட்சணம் உங்களுக்குத் தெரியும்."

சீப்பம்மா கையில் எடுத்த தேய்ப்பானோடு அப்படியே நின்றுவிட்டாள். ஒரு மேசையில் இருந்தவர் எப்படி வேலை செய்தார் என்பது மேலே இருக்கும் தலைவருக்குத் தெரியாது. அடுத்து அந்த நாற்காலியில் வந்து உட்காருபவருக்குத் தெரியும். தள்ளிப்போட்ட தலைவலியெல்லாம் அவர் தலையில்தான் விடியும்.

"அப்ப உன்னைக் கேட்டா, என்னைப் பத்தி உள்ளதைச் சொல்லுவியா?"

"நீங்க இல்லாதப்ப கேட்டா ரெண்டு சேத்துச் சொல்லுவேன்" என்று சிரித்தாள் ஓரகத்தி. "நீங்க எதிர்ல நின்னா எப்படிச் சொல்றது? சட்டிய காட்டித்தானே ஆகணும்?"

இப்படித்தான் புதிய முறை பிறந்தது. பதவி உயர்வு கேட்பவர்கள் எல்லோரும் அரை ஆண்டுக்கு இடம் மாற வேண்டும். மாடியில் இருப்பவர் கீழே, கீழே இருப்பவர் மாடிக்கு. யாருடைய இடம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அரை ஆண்டு கழித்து, தனக்கு முன் அங்கே இருந்தவர் அந்த இடத்தை எப்படி விட்டுப்போனார் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், அவரை எதிரே வைத்துக்கொண்டு. நல்லதோ கெட்டதோ, நடந்த ஒன்றைக் காட்டாமல் சொன்னால் கணக்கில் சேராது. கேட்டு முடிவு செய்ய அதிகாரியும் வேறு அலுவலகத்திலிருந்து இருவரும்.

"போட்டிக்காரனை விட்டே போட்டிக்காரனைப் பத்திச் சொல்லச் சொல்றீங்க" என்று அதிகாரி தாடையைத் தடவினார்.

"ஆமா சார். எதிர்ல ஆள் இருப்பார். பொய் சொன்னா அங்கேயே மாட்டிக்குவாங்க."

சீட்டில் தம்பிக்கு மூன்றாம் ஜன்னல் வந்தது. ஜன்னல்காரருக்குத் தம்பியின் மேசை. தம்பி அன்று மாலை நேராக அக்கா வீட்டுக்கு வந்தான்.

"எனக்கு எதிராத்தான் இதை எழுதினியா அக்கா?"

"உன்னை நெனச்சு எழுதலடா. அதுதான் உனக்குக் கோபம்."

"அந்த ஆளு என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லுவானா?"

"நீ எப்படி வச்சிட்டு வந்தியோ அப்படிச் சொல்லுவார்."

தம்பி எழுந்துவிட்டான். போட்ட தேநீரைக் குடிக்காமலே போனான். அதற்குப் பிறகு விடுமுறை நாட்களில் அவன் வருவது நின்றுபோயிற்று. அலுவலகத்தில் எதிரே பார்த்தால், "மேடம்" என்றான். அந்த ஒரு சொல் அவளை நன்றாகவே குத்தியது. ஜன்னலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் பின்படிக்கட்டு வழியாகச் சுற்றிப் போனாள்.

முடிவு நாள் வந்தது. அவள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்துக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஜன்னல்காரரின் குரல் சுவரிடம் அனுமதி கேட்கிற குரல் இல்லை, எல்லாம் கேட்டது.

"மேசை கண்ணாடி மாதிரி இருந்துச்சு சார், பொய் சொல்லக் கூடாது. எதை எங்க தேடணும்னு எனக்கு ஒரு நிமிஷம் முழிக்க வேண்டியதில்ல. ஆனா கஷ்டமான வழக்கு ஒண்ணுகூட அசையல. 'கூடுதல் விவரம் தேவை'ன்னு எழுதி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கார். அந்த அண்ணன் தம்பி இணைப்பு வழக்கு இருக்கே, அதுக்கே நாலு தடவை. என்ன விவரம் வேணும்னு எதுலயும் எழுதல."

பிறகு தம்பி பேசினான். அவன் அளவாகப் பேசுபவன். ஒரு சொல்கூடச் சுவரைத் தாண்டவில்லை. அவன் நினைத்தால் எதையாவது சொல்லி அந்த மனிதரைக் கவிழ்த்துவிடலாம். அப்படிச் செய்தால் தன் முறை முதல் நாளே செத்தது. தம்பியைப் பற்றித் தான் இதுவரை நினைத்திருந்ததும் அதோடு போய்விடும். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் ஜன்னல்காரர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"எனக்குத்தான் மேடம்" என்றார். அதற்கு மேல் அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவருக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை அந்த அலுவலகத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அவன் என்ன சொன்னான்?"

"இழுப்பறை பூரா பிஸ்கட் தூள், எறும்பு அதுலேர்ந்து ஜன்னல் கம்பி வரைக்கும் ஊர்வலம் போச்சுன்னான். உண்மைதான், என்ன பண்றது. அப்புறம்..." அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஜன்னலுக்கு வர்றவங்க தேவையான தாளோடதான் வர்றாங்க, யார் சொன்னதுன்னு கேட்டா பழைய சார் சொல்லிக் குடுத்தார்ங்கறாங்க, அதனாலதான் வரிசை நகருதுன்னான். பேர் சொல்லி மூணு பேரைக் காட்டினான். அதிகாரி ரெண்டு தடவை கேட்டார். ரெண்டு தடவையும் அதையே சொன்னான்."

சீப்பம்மா அவருக்கு வாழ்த்துச் சொன்னாள். அவர் போன பிறகு பேனாவை மூடி வைத்தாள். மனம் லேசாக இருந்தது. ஆனால் தம்பி அந்த வழியாகத்தான் போனான், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு விடுமுறை மதியம், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நின்றான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"உன் முறையில ஒரு ஓட்டை இருக்கு அக்கா."

"உக்காரு முதல்ல."

"அரை வருஷம் ஜன்னலுக்குப் பத்தாது. ஆரம்பத்துல என்னை யாரும் மதிக்கவே இல்ல, 'பழைய சார் இல்லியா'ன்னே கேட்டாங்க. ஒரு கிழவர் நான் பேசறதையே காதுல வாங்கல. இப்பதான் என்னைத் தேடி வர்றாங்க. இந்த நேரத்துல என்னை மறுபடி மாடிக்கு மாத்தினா எப்படி? ஒரு வருஷமாவது வேணும்."

"எழுதிக் குடு. பாக்கறேன்."

"நீயே மாத்திடேன். நீதானே எழுதின?"

"தம்பி கேட்டான்னு மாத்த முடியாதுடா. எல்லாரும் குடுக்கிற மாதிரி எழுதிக் குடு. சீவித்தான் பாப்பேன்."

அவன் முறைத்தான். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அடுத்த தடவை அந்த இடம் தனக்குத்தான் என்றும், ஜன்னலுக்கு மேலே இருக்கும் மின்விசிறி சுற்றவே இல்லை, அதற்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டே போனான். அவனுக்கு இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருந்தது. அது தீருமட்டும் பேசட்டும் என்று அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.