பொழுது சாயும் நேரத்து இன்டர்வியூ

திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் பில் கவுண்டரில் எனக்கு வேலை கிடைத்தபோது, அம்மா சம்பளத்தைக் கேட்கவில்லை. "சாயங்காலம் எத்தினி மணிக்கு உடுவாங்க?" என்றுதான் கேட்டாள். மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பம் எங்களுடையது. பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். வேலையோ இரவு எட்டு வரை. கவுண்டரில் உட்கார்ந்து எதுவும் தின்னக் கூடாது, அங்கிருக்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து போகவும் கூடாது. மாலையில் ஆளுக்கு ஒரு சின்ன இடைவேளை மட்டும் உண்டு. சிடுசிடுப்புக்குப் பேர்போனவள் நான். முதல் நாளே பசியில் ஒரு நோயாளியிடம் எரிந்து விழுந்தேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா கோட்டக்குப்பத்தில் பிறந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் துபாயில். நான் சேர்ந்து சில வாரங்களில் நோன்பு மாதம் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் நான் சாப்பிட்டு முடிக்க வேண்டும், சாய்ந்த பிறகுதான் அவர் வாயில் தண்ணீர் படலாம். இதைக் கண்டுபிடித்த அன்று அக்கா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். "நீ மூடற நேரத்துல நான் தொறக்கறேன். நம்ம ரெண்டு பேருக்கும் சண்டையே வராதுடி" என்றார். வரவும் இல்லை. நான் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து உட்காரவும் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்கவும் சரியாக இருக்கும். "போய்ட்டு வாக்கா" என்பேன். அவர் பேரீச்சம்பழ டப்பாவை எடுத்துக்கொண்டு எழுவார்.

வேலைக்கு வருவதற்கு முன்பே நான் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதியிருந்தேன். மருத்துவமனை நிர்வாகம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குள் அப்பாவைப் பக்கவாதம் சாய்த்துவிட்டது. மல்லாட்டை போட்ட நிலத்தை அம்மா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டாள். அதனால்தான் இந்த வேலை. அப்பா மட்டும் குழறிக் குழறிச் சொன்னார்: "நீ போய்ப் படிம்மா. காலேஜ் தொறக்கறதுக்குள்ள நான் எழுந்து நடந்துடுவேன்." நானும் அதை நம்பினேன்.

முதல் நேர்காணல் விழுப்புரத்தில், ஞாயிற்றுக்கிழமை. நன்றாகவே செய்தேன். இரண்டாவது ஆன்லைனில், வேலை நாளில், மாலை ஐந்தே முக்காலுக்கு. புது வேலை, லீவு கேட்டால் வீட்டிலேயே இருந்துகொள் என்பார்கள். அதில் தேறினால் உதவித்தொகையோடு படிப்பு, இல்லாவிட்டால் இந்தக் கவுண்டர்தான். அக்காவிடம் சொன்னேன். "சாப்பாட்டு நேரத்துல பேசிட்டு வா. ஜல்தி முடிச்சிட்டா அப்புறமா ரெண்டு வாய் தின்னுக்கலாம்" என்றார்.

நோயாளிகள் உடை மாற்றும் அறையில், போனைத் துணி மாட்டும் கொக்கியில் சாய்த்து வைத்துக் காத்திருந்தேன். அவர்கள் தாமதமாகத்தான் அழைத்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே டோக்கன் எண்ணைக் கத்திக் கூப்பிட்டார்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார் ஒருவர். உண்மையைச் சொன்னேன். "இடம் கிடைச்சா வேலையை விடணுமே, அங்க சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எங்களையும் சொல்லாம விட்டுட்டுப் போயிடுவீங்களா?" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அழுதுவிடுவேனோ என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

நடுவிலேயே பாங்கு கேட்டுவிட்டது. முடித்துவிட்டு ஓடினேன். கவுண்டரில் கூட்டம் நெரிந்தது. அக்கா பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு பில் அடித்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"போய்ச் சாப்புடுக்கா."

"நீ?"

"இருட்டிடுச்சுக்கா."

அவர் வாசல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. "எனக்கு நோன்பு முடிஞ்சிடுச்சு. உனக்கு இப்பதான் ஆரம்பிக்குது, பாரேன்" என்றார். என் கேப்பை அடை டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. பஸ்ஸில் வரும்போது பசியைவிட அந்த மனிதரின் சிரிப்புதான் என்னை அதிகமாகப் படுத்தியது.

கல்லூரியின் காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் வந்தது. பெருநாள் முடிந்தும் அக்கா தினமும், "சீட்டு வந்துச்சா?" என்பார். வரவில்லை. கல்லூரி திறந்தது, அப்பாவும் எழுந்து நடக்கவில்லை. வருடக் கடைசியில் அக்காவுக்கு விசா வந்தது. கிளம்பும் முன், "அடுத்த தபா ஃபுல்லா சாப்புட்டு, தெம்பா பேசு. பேஜார் பண்ணிக்காத" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

இந்த வருடமும் எழுதினேன். இந்த முறையும் நேர்காணல் மாலையில்தான். ஆனால் அப்பாவுக்கு இப்போது புரண்டு படுக்கவும் ஆள் வேண்டும். அம்மா அவர் பக்கத்திலேயே இருக்கிறாள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று, வீடு என் சம்பளத்தில் ஓடுகிறது. வர இயலாது என்று பதில் போட்டுவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. அப்பா இன்னும் ஹாஸ்டலைப் பற்றியே கேட்கிறார்.

அந்த நாள் வந்தது. அவர்கள் கொடுத்திருந்த நேரத்தில் டப்பாவைத் திறந்து, நிதானமாக, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன். கழுவிக்கொண்டு கவுண்டருக்கு வந்து உட்கார்ந்தேன். பாங்கு கேட்டது.

"போய்ட்டு வாக்கா" என்றேன்.

பக்கத்து நாற்காலியில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கக்கா போவணும்?" என்று கேட்டாள்.