ஐஸ்பெட்டியக்கா

காதோரம் வைத்து ஒரு குலுக்கு. சத்தமில்லை. அதை மேசைமேல் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார். அதற்கும் ஒரு குலுக்கு. "இன்னும் கல்லாட்டம் இருக்கு. வேர்க்கட்டும்" என்கிறார். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பைகள் சுகாதார நிலையத்து மேசையில் வரிசையாகக் கிடக்கின்றன. மேலே நீர்த்துளி அரும்பி, குலுக்கினால் உள்ளே 'களக்'கென்று தண்ணீர் அசைய வேண்டும். அதற்குப் பிறகுதான் அவை மருந்துப் பெட்டிக்குள் போகும். வெளியே வானமே இடிந்து விழுந்தாலும் அதுவரை அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

"குழந்தைங்க மருந்துக்கு வெயிலும் ஆகாது, ரொம்பக் குளிரும் ஆகாது. உறைஞ்சா செத்துப்போச்சுன்னு அர்த்தம். புது மாப்பிள்ளைய கவனிக்கிற மாதிரி கவனிக்கணும்" என்பார். இந்தக் கவனிப்பு வீட்டிலும் தொடரும். போகும்போதும் வரும்போதும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்ப்பார். "அதுல தக்காளிதான்மா இருக்கு" என்று கூடத்திலிருந்து கணவர் நினைவூட்டுவார்.

நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால், விவரம் தெரியாத பிள்ளைகள் ஐஸ் விற்க வந்திருப்பதாக நினைத்துப் பின்னால் ஓடும். விவரம் தெரிந்தவை எதிர்த்திசையில் ஓடும். ஐஸ்பெட்டியக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நான் அவர் வீட்டுக்கு மாடியில் குடியிருப்பவன். எனக்கு ஒரு ஸ்கூட்டர் உண்டு. உண்டு என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். "அண்ணா, நம்ம வண்டிய எடுங்க" என்று கீழேயிருந்து குரல் வந்துவிட்டால் பாதிச் சவரத்தில்கூட இறங்கி ஓடியாக வேண்டும்.

மற்ற நர்சுகள் குழந்தையிடம் 'எறும்பு கடிக்கிற மாதிரிதான்' என்று சொல்லி ஊசி போடுவார்கள். இவரிடம் அந்தப் பேச்சே கிடையாது. "வலிக்கும் தங்கம். நல்லா அழு. திட்டணும்னா திட்டிக்கோ" என்பார். ஆறு மாதக் குழந்தைக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்டேன். "அம்மாவுக்குப் புரியுமில்ல?" என்றார்.

ஊசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரு கதை இருக்கிறது. "இந்தக் கிருமிங்க எங்கயோ காட்டுல இருந்து வர்றதில்ல. நம்ம மூக்குலயும் தொண்டையிலயும்தான் வாடகை குடுக்காம குடியிருக்கு. பெரியவங்கள பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. கைக்குழந்தைக்கு ஒட்டிக்கிச்சுன்னா வீட்டையே எழுதி வாங்கிடும். நுரையீரல்ல இறங்கும், மூளைக்கு ஏறும்." அதுவரை சிரித்துக்கொண்டிருப்பவர் இங்கே வந்ததும் சிரிப்பதை நிறுத்திவிடுவார். "என் தம்பிக்குக் காது அப்படித்தான் போச்சு. அப்போ இந்த ஊசி வரல" என்று முடிப்பார். அந்தத் தம்பி இப்போது தச்சு வேலை செய்கிறார். அக்கா வீட்டுக்கு வந்தால் இருவரும் கைகளாலேயே சண்டை போட்டுக்கொள்வதை மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறேன். பாதி புரியாது. யார் ஜெயிக்கிறார்கள் என்பது மட்டும் புரியும்.

அவரை எல்லோரையும்விட அதிகம் அலைய வைத்தது, வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் ஓர் இளம் பெண். முதல் ஊசி போட்ட அன்று அவள் மகனுக்குக் காய்ச்சல் அடித்துத் தொடையும் வீங்கியிருந்தது. இரண்டே நாளில் சரியாகிவிட்டது, ஆனால் அவளுடைய பயம் சரியாகவில்லை. அடுத்த ஊசிக்கு வரவே இல்லை. அக்கா அவள் வீட்டுக்கு நடையாய் நடந்தார். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகச் சட்டைகளுக்குப் பொத்தான்கூடத் தைத்துக் கொடுத்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, கடைசியில் அவள் மகனைத் தூக்கிக்கொண்டு சமுதாயக் கூடத்தில் நடந்த ஊசி முகாமுக்கு வந்துவிட்டாள்.

வந்த அன்றுதான் அந்தத் தப்பு நடந்தது.

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. காலையில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. மருந்து சூடாகிவிடுமோ என்று அக்காவுக்கு உள்ளுக்குள் உதறல். அன்றைக்கு மட்டும் அவர் குலுக்கிப் பார்க்கவில்லை. உறைபெட்டியில் இருந்த ஐஸ் பைகளைக் கல்லாகவே எடுத்து, மருந்துக் குப்பிகளைச் சுற்றி நெருக்கி அடுக்கிவிட்டார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் படித்ததெல்லாம் பரீட்சைக்குத்தான் போலிருக்கிறது. முகாம் முடிந்து மிச்சமிருந்த குப்பியைக் குலுக்கினால், வழக்கமாகப் பால்போல் கலங்கி நிற்கும் மருந்து திரிதிரியாகப் பிரிந்து கீழே இறங்கியது. உறைந்து உருகிய மருந்து அப்படித்தான் இருக்கும். அன்று அந்தப் பெட்டியிலிருந்து குழந்தைகளுக்குப் போட்ட ஊசியெல்லாம் பயனில்லாமல் போய்விட்டது.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா திட்டவில்லை. "திரும்பப் போடலாம், குழந்தைகளுக்குக் கெடுதல் இல்ல. ஆனா இதச் சொன்னா அந்தத் தெருவுல பாதிப் பேர் இனிமே வரமாட்டாங்க. வேணும்னா நான் வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"ஐஸ் வெச்சது நான் டாக்டர். நானே போறேன்" என்றார் அக்கா.

அன்று மாலை "நம்ம வண்டிய எடுங்க" என்ற குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை. முதலில் தையல் வீட்டுக்கே விடச் சொன்னார். நான் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன். உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை துணிக்கட்டின்மேல் தூங்கிக்கொண்டிருந்தான்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. அன்னைக்குப் போட்ட மருந்து உறைஞ்சு போயிருந்துச்சு. நான்தான் கவனிக்கல. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அது காவலும் குடுக்காது. மறுபடியும் போடணும்."

இயந்திரம் நின்றது.

"அப்போ அவன் அழுததெல்லாம் சும்மாவா?"

"சும்மாதான்மா."

"நீங்க வந்து சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது. அவனுக்குச் சீக்கு வந்தாத்தான் தெரியும்."

அவள் ஊசிக்கு நூல் கோக்கப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியிருந்ததால் நூல் உள்ளே போகவில்லை. "நீங்க போங்கக்கா" என்றாள். அப்போதும் அந்த 'அக்கா'வை அவள் விடவில்லை.

மற்ற வீடுகளுக்கும் போனோம். சில வீடுகளில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் குழந்தையின் அப்பா "எங்க பிள்ளைங்க என்ன சோதனை எலியா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். வீடு திரும்பும் வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த முகாம் அதே சமுதாயக் கூடத்தில் நடந்தது. டாக்டரம்மா பயந்த அளவுக்கு இல்லை, அந்தத் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கத்திய அப்பாகூட முறைத்துக்கொண்டே குழந்தையை நீட்டினார். தையல் பெண்ணை மட்டும் காணோம். கூட்டம் கலைந்தது. அக்கா வாசலைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். "கிளம்பலாமா?" என்று நான் கேட்டதற்கு, "செத்த இருங்கண்ணா" என்றார்.

கூடத்தைப் பூட்ட ஆள் வந்து நின்ற பிறகு அவள் வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மகனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா குனிந்தார். "வலிக்கும் தங்கம்" என்று மட்டும் அவன் காதில் சொல்லிவிட்டு ஊசியைப் போட்டார். அவன் கூடமே அதிரும்படி வீறிட்டான்.

அவள் எழுந்து, கதறும் பிள்ளையைத் தூக்கி அப்படியே அக்காவின் கையில் திணித்தாள். "ரெண்டு தடவ அழ வெச்சீங்கல்ல? நீங்களே சமாதானப்படுத்துங்க." சொல்லிவிட்டு அக்காவின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஐஸ்பெட்டியக்கா அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தட்டித் தட்டி, காலி நாற்காலிகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார்.