கல்லைப் பிடுங்கிய காத்தவராயன்

கிள்ளைக்குக் கிழக்கே உப்பங்கழிப் பக்கம் போகும் உப்பு லைனில் ரயில் நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தண்டவாளத்தில் பாதியைத் திருடன் தின்றான், மீதியைத் துரு தின்றது. மேடு மட்டும் கிடந்தது.

மழைக்காலத்தில் அந்த ஊரில் தண்ணீர் ஏறாத இடம் அந்த மேடு ஒன்றுதான். இடுகாடு பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசியில் அங்கே குழி வெட்டினால் பிணம் மிதக்கும். அதனால் மழையில் செத்தவர்களை ரயில் மேட்டுச் சரிவில் புதைத்தார்கள். இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமெல்லாம் இல்லை. ரயில்வே இடம், சமாதி கட்டினால் கேஸ் போடுவான், சிலுவை நட்டால் பிடுங்கிப் போடுவான். லைன் ஓரத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கற்கள் நின்றன. அவற்றை வைத்துத்தான் அடையாளம். வளைஞ்ச கல்லுக்கு வடக்கே ஒரு பாடை நீளம், ரெண்டு பாடை நீளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பார்கள்.

காத்தவராயன் அந்த லைனில் தினக்கூலிக்கு ஜல்லி கொட்டியவன். வேலையை நிரந்தரம் ஆக்குவார்கள் என்று காத்திருந்து காத்திருந்து, லைனை மூடியதும் இறால் பண்ணைக்குப் போனான். அவன் பெண்டாட்டி ராஜாமணி ஒரு பெருமழையில் காமாலை முற்றிச் செத்தாள். குட்டைக் கல்லுக்குத் தெற்கே அவளைப் புதைத்தான். அமாவாசைக்கு அமாவாசை பூவும் மசால் வடையும் வைத்துவிட்டு, ஒரு பீடி தீரும்வரை உட்கார்ந்திருப்பான்.

அப்படியிருக்க, லைனைத் திரும்ப ஓட்டப்போவதாக ஒரு கம்பெனி வந்தது. சின்ன எஞ்சின், ரெண்டு பெட்டி. வெளியூர்க்காரர்கள் சுரபுன்னைக் காடு பார்க்க வருவார்களாம். ஊர்ப் பெண்கள் நண்டுக் குழம்பு ஆக்கி விற்கலாமாம், பிள்ளைகளுக்கு வேலையாம். ஊரே பல்லைக் காட்டியது. ரயிலுக்காக ஊர் போட்ட கமிட்டிக்குக் காத்தவராயன் தலைவன் ஆனான். மகள் அனுப்பிரியா சாப்பாட்டுக் கடைக்குப் பேர் கொடுத்தாள். சரிவில் பிணம் இருக்கிறது என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் ரயில் வராமல் போய்விடுமோ என்ற பயம்.

கம்பெனி சூப்பர்வைசர் சித்தார்த் நல்ல பையன்தான். கல்லெல்லாம் பழங்காலத்துப் பொருள், பெயிண்ட் அடித்து ஸ்டேஷன் வாசலில் வரிசையாக வைக்கலாம் என்றான். காத்தவராயன் கடப்பாரையோடு முன்னால் நின்றான். குட்டைக் கல்லைப் பிடுங்கும்போதும் அவனுக்குக் கை கூசவில்லை. மேடு எங்கே ஓடப்போகிறது என்று நினைத்தான். ஊரும் அப்படித்தான் நினைத்தது. பின்னாலேயே பொக்லைன் வந்து முள்ளையும் புதரையும் வாரி, மேட்டை மொட்டை அடித்தது.

அப்போதுதான் ஒரு எலும்பு வெளியே வந்தது.

சித்தார்த் ஆடிப்போனான். "என்னாண்ணே இது, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரிவை அகலம் பண்ணியாகணும். அவுங்கவுங்க ஆளை இந்த வாரத்துக்குள்ள எடுத்துக்கச் சொல்லுங்க."

ஊர் மண்வெட்டியோடு வந்து நின்றது. பக்கத்து வீட்டு ஆரோக்கியராஜ்தான் முதலில் கேட்டான்.

"தலைவரே, எங்கம்மா எங்க? காட்டு."

"இங்கதான்டா மச்சான், வளைஞ்ச கல்லு..."

"கல்லுதான் பெயிண்ட் அடிச்சிகிட்டுப் புது மாப்ள கணக்கா ஸ்டேஷன்ல நிக்குதே. போயி அதுங்கிட்டயே கேட்டுட்டு வாயேன்."

யாரோ சிரித்தார்கள். வெட்ட ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பும் நின்றது.

சுமங்கலியாகப் போனவளை வளையலோடு புதைப்பது வழக்கம். காத்தவராயன் வெட்டிய குழி ஒன்றில் பச்சை வளையல் துண்டுகள் வந்தன. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழிக்குள் விழுந்தான். மேலே மருமகன் முறைக்காரன் கொளஞ்சியப்பன் வந்து நின்றான்.

"மாமா, அது எங்க அக்கா. அதுக்கும் பச்சை வளையல்தான் போட்டோம்."

"உங்க அத்தைக்கும் பச்சைதான்டா."

"அத்தையைக் குட்டைக் கல்லுகிட்ட வச்சீங்க. இது அந்த எடமா? சத்தியம் பண்ணு மாமா, நீயே தூக்கிட்டுப் போ. நான் கேக்கல."

காத்தவராயன் மேட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தான். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. சத்தியம் வாயில் வரவில்லை.

"எனக்கும் நிச்சயமா தெரியல," என்றான் கொளஞ்சியப்பன். "ஆனா எங்கம்மா வீட்டுல எதிர்பாத்துகிட்டுக் கெடக்குது."

காத்தவராயன் குழியைவிட்டு ஏறினான். அந்த வாரம் முழுக்கத் தனியாக வெட்டினான். ஒன்றும் வரவில்லை. கெடு முடிந்ததும் லாரி லாரியாக மண் வந்து விழுந்தது.

மேளம் வைத்து ரயில் விட்டார்கள். அனுப்பிரியா கடையில் நல்ல வியாபாரம். காத்தவராயன் அந்தப் பக்கமே போகவில்லை. ஊரிலிருந்து பஸ்ஸுக்குப் போக மேட்டு ஓரம்தான் பாதை. அவன் மட்டும் கீழே வயலில் இறங்கி நடந்தான்.

"மேல நல்ல பாதை கெடக்க, சேத்துல எதுக்குப்பா போற? ஊரு சிரிக்குது," என்றாள் மகள்.

"அவ எங்க கெடக்கிறான்னு தெரிஞ்சா அந்த எடத்தை மட்டும் சுத்திகிட்டுப் போவேன். தெரியலையே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பைவிட்டு இறங்கினான். சேறு முழங்கால்வரை ஏறியது.