கோர்ட்டில் காய்ந்த ஜவ்வரிசி

போன வாரம் ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் ஜவ்வரிசிப் பாயசம் விழுந்ததும் பக்கத்து இலைக்காரர் ஏலக்காய் வாசத்தைப் பாராட்டினார். எனக்கு மட்டும் டென்னிஸ் கோர்ட் வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், நான் கல்லூரி டென்னிஸ் அணியில் இருந்தவன்.

எழுபதுகளின் கடைசி. நாமக்கல் பக்கம் எங்கள் கல்லூரியில் யாரோ புண்ணியவான் கட்டிக்கொடுத்த சிமெண்ட் கோர்ட் ஒன்று இருந்தது. பந்து வாங்கத்தான் நிர்வாகத்துக்கு மனசு வரவில்லை. எங்கள் பி.டி. சார் யோசித்தார். பக்கத்து சேகோ மில்லுக்கு ஜவ்வரிசி காயப்போட கோர்ட்டை வாடகைக்கு விட்டார். அந்த வாடகையில் பந்து வந்தது. வெயில் அடித்தால் கோர்ட்டில் ஜவ்வரிசி, மழை பெய்தால் தண்ணீர். பந்துகள் புத்தம்புதிதாக அலமாரியில் பத்திரமாக இருந்தன. இப்படி ஒரு நிதி நிர்வாகத்தை எந்த மந்திரியும் செய்ததில்லை.

சார் கபடி ஆடி வளர்ந்தவர். அவருடைய டென்னிஸ் பயிற்சி ஒரே வரிதான்: "வலையத் தாண்டி அடிச்சாப் போதும் சாமி, மிச்சத்த எதிராளி பாத்துக்குவான்." ஆள் எடுப்பதும் அதே லட்சணம்தான். பரமத்தி வேலூர் வெற்றிலைத் தோட்டக்காரர் மகனான என்னிடம் வெள்ளைப் பேண்ட் இருந்தது, சேர்த்துக்கொண்டார். இன்னொருவனிடம் சொந்த மட்டை. மூன்றாமவன் மில்காரர் மகன். பெயர் பட்டியலோடு சரி, ஆளைப் பார்த்ததில்லை.

நிஜமாகவே ஆடத் தெரிந்தவன் ஆரோக்கியம் ஒருத்தன்தான். அவன் அப்பா சேலத்தில் ஒரு கிளப்பில் பந்து பொறுக்கிப் போடுகிறவர். "பந்து பொறுக்கறது எங்கப்பாவோட போவட்டும்டா" என்பான். சேலத்துக் கல்லூரி ஒன்றோடு எங்கள் கோர்ட்டில் ஆட்டம் முடிவானது. விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் ரயில்வே அதிகாரி ஒருவர் அவன் ஆட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பத்து நாளாக அவனுக்குத் தூக்கமே இல்லை.

அன்று காலை போய்ப் பார்த்தால் கோர்ட் நிறைய ஜவ்வரிசி. முந்தின நாள் மேகமூட்டம், காயவில்லை. சார் கையைப் பிசைந்தார். "ஈரத்தோட அள்ளுனா கட்டி புடிச்சுக்குமுங்க. மில்லுக்காரருக்கு நான் என்னங்க பதில் சொல்றது? மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்குங்க." வந்த அணி டீ குடிக்கப் போனது. ஆரோக்கியம் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தான். மட்டைக்காரனும் சேர்ந்துகொண்டான். நான் ஓரமாக நின்றேன். பேண்ட் அழுக்காகிவிடுமே!

பாதி கோர்ட் கூட்டியிருப்பார்கள், அதிகாரி வந்துவிட்டார். முழங்கால்வரை மாவும் வியர்வையுமாக நின்றவனிடமே கேட்டார்: "ஏம்ப்பா, ஆரோக்கியம்னு ஆடற பையன் எங்க?"

"நான்தான் சார்."

துடைப்பத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "கரூர்ல எனக்கு வண்டி இருக்கு" என்று கிளம்பிவிட்டார்.

மத்தியானம் ஆட்டம் நடந்தது. ஆரோக்கியம் ஜெயித்தான். மறுநாளிலிருந்து கோர்ட் பக்கமே அவன் வரவில்லை. நானும் ஒரு கை பிடித்திருந்தால் அதிகாரி வருவதற்குள் கோர்ட் காலியாகியிருக்கும். இதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அந்த மில் இல்லை. கோர்ட் இருந்த இடத்தில் பைக் நிறுத்தும் கொட்டகை. ஆரோக்கியம் எங்கே இருக்கிறானோ, தெரியாது. என் வெள்ளைப் பேண்ட் மட்டும் வெகுகாலம் இருந்தது. கடைசிவரை அதில் ஒரு கறைகூடப் படவில்லை.