கடை வாசலில் அட்டை அண்ணன்

நாற்காலிக் கடையில் அவருக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, நாற்காலியை விற்பது. இன்னொன்று, அதில் உட்கார்வது. இரண்டாவதை ஒழுங்காகச் செய்தால் முதலாவது தானாக நடந்துவிடும்.

கடையில் அவருக்குப் பெயர் டன். வாடிக்கையாளர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அசைத்துப் பார்த்து, "இது தாங்குமா?" என்று உதட்டைப் பிதுக்கினால் போதும். டன் பேசவே மாட்டார். அடுப்பில் வைத்த பாத்திரத்தை மறந்தவர்போல வேகமாக வந்து பொத்தென்று உட்காருவார். நாற்காலி ஒருமுறை அலறிவிட்டு அடங்கும். "நானே உட்கார்ந்துட்டேன். உங்களுக்கென்ன?" என்பார். மேற்கொண்டு பேரம் பேச யாருக்கும் வாய் வந்ததில்லை.

இதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் அவரிடம் இருந்தது. இரும்புக் குழாய் வைத்த மடக்கு நாற்காலியை மற்றவர்கள் முழங்காலால் முட்டி, காலால் மிதித்து, இரண்டு கெட்ட வார்த்தை சொல்லி மடக்குவார்கள். டன் அதைத் தன் வயிற்றோடு இழுத்து ஓர் அணை அணைப்பார். வயிறு எதிர்த்துத் தள்ளும். சட்டென்று மடங்கிவிடும். குழந்தைகள் இன்னொரு முறை செய்யச் சொல்லிக் கேட்பார்கள்.

முதலாளி சும்மா விடுவாரா? டன் நாற்காலியில் வீற்றிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை ஆளைவிடப் பெரிதாக எடுத்து, அட்டையில் ஒட்டி, வாசலில் நிறுத்திவிட்டார். தெருவுக்கே அது அடையாளம். வழி கேட்பவர்களிடம் "அந்தக் குண்டு ஆளைத் தாண்டி இடது பக்கம்" என்று சொல்லுமளவுக்கு.

இப்படிப் பிழைப்புக்கே ஆதாரமாக இருந்த உடம்பின் மீது கத்தி வைக்க அவர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், சர்க்கரையும் இல்லை, முழங்காலும் இல்லை. அவர் மனைவி. அதே வரிசையில் நாலு கடை தள்ளி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். கணவரின் குறட்டை நிற்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பவர்.

"தூக்கத்துலயே போயிடுவீங்களோன்னு பயமா இருக்குங்க. என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றார் ஒருநாள்.

அவ்வளவுதான். டன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார். இரைப்பையைக் குறுக்கித் தைத்து அனுப்பினார்கள்.

இளைத்தார். பாதிக்கு மேல் கரைந்தார். சர்க்கரை இறங்கியது, குறட்டை ஓய்ந்தது, மாடிப்படி பயப்படாமல் ஏற முடிந்தது. ஊரே மூக்கில் விரலை வைத்தது. ஆனால் உள்ளே குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போனார் என்பதற்காக வீடு சின்னதாகிவிடுமா? தோல் அப்படியே இருந்தது. வயிற்றுத் தோல் தொடைவரை மடிந்து தொங்கியது. கையைத் தூக்கினால் கைக்குக் கீழே இன்னொன்று ஆடியது. படுக்கையில் புரண்டால் உடம்பு முதலில் திரும்பும். தோல் சற்று யோசித்துவிட்டுப் பின்னால் வரும். பேருந்தைப் பிடிக்க ஓடினால் சட்டைக்குள்ளிருந்து யாரோ கைதட்டினார்கள். வாழ்நாளில் அவர் ஓடியதற்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

மருத்துவரிடம் போய், "இதை வெட்டி எடுத்துட முடியாதா டாக்டர்?" என்று கேட்டார்.

"முடியும். ஆனா அது அழகுக்குச் செய்யறது. காப்பீட்டுல தர மாட்டாங்க. உங்க உயிருக்கு இப்ப ஒரு குறையும் இல்லையே?"

"உயிருக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். அது எங்க இருக்குன்னுதான் தெரியல."

மருத்துவர் நகைச்சுவையை ரசிப்பவர். நன்றாகச் சிரித்தார்.

டன் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. அறுவைக்குப் பிறகு அவர் மனைவி முன்னால் சட்டையைக் கழற்றியதே இல்லை. மடிப்புகளைச் சுருட்டி ஓர் இறுக்கப்பட்டைக்குள் திணித்துக்கொள்வார். குளியலறையில் தாழிட்டுக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாகத் தூக்கித் துடைத்து, தலைமுடி காயவைக்கும் கருவியால் சூட்டுக்காற்றை அடித்து, பவுடர் போடுவார். மடிப்பு உரசி வெந்துபோன இடத்துக்கான களிம்பை மனைவியின் கடையில் வாங்காமல், மூன்று தெரு தள்ளி இன்னொரு மருந்துக் கடையில் திருட்டுச் சரக்குபோல வாங்கிவருவார். மனைவி தோளில் கை வைத்தால், "வேர்வையா இருக்கு" என்று நழுவுவார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரே ஒருமுறை, பயப்படாமல் அவள் முன்னால் சட்டையைக் கழற்ற வேண்டும். அவள் முகம் சுளிக்கக் கூடாது. அந்தத் தைரியம் நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

கடையிலும் நிலைமை மோசம். அவர் உட்கார்ந்து காட்டினால், "நீங்க உட்கார்ந்தா தாங்கும், எங்க மச்சான் உட்கார்ந்தா?" என்று கேட்டார்கள். வாசலில் இருந்த அட்டையை எடுத்துவிடும்படி முதலாளியிடம் கெஞ்சினார்.

"யோவ், நீ மெலிஞ்சுட்ட. அவன் மெலியலையே! உன்னை வெச்சு இப்ப ஒரு முக்காலிகூட விக்க முடியல. அவன் இன்னும் வித்துக் குடுக்கறான்."

அட்டையையும் இவரையும் மாறிமாறிப் பார்க்கும் வாடிக்கையாளர்கள், "இவர் உங்க அண்ணனா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் அதோடு விடாமல், "இப்ப அவர் எங்க?" என்று கேட்டார். டன் ஒருகணம் அட்டையைப் பார்த்தார். "போயிட்டாருங்க" என்றார். பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்து வருந்திவிட்டு, பேரம் பேசாமல் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப்போனார். இறந்த பிறகும் அண்ணன் வியாபாரத்தில் கெட்டி.

பிறகுதான் அது நடந்தது. ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் மொத்தமாக மடக்கு நாற்காலிகள் பார்க்க வந்தார். அவருக்கு டன்னைப் பழைய நாளிலிருந்தே தெரியும். "அந்த வயித்து வித்தையைக் காட்டுங்களேன், பாத்து ரொம்ப நாளாச்சு!" என்றார்.

புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? உடம்பு இளைத்திருந்தாலும் கை மறக்கவில்லை. நாற்காலியை இழுத்தார், ஓர் அணை அணைத்தார். எதிர்த்துத் தள்ள அங்கே வயிறு இல்லை. தொங்கிக்கொண்டிருந்த தோல் மட்டுமே இருந்தது. பட்டையை மீறிச் சரிந்த அது, சட்டையோடு சேர்ந்து இரண்டு குழாய்களுக்கு நடுவே போனது. நாற்காலி வழக்கம்போலச் சட்டென்று மடங்கியது.

டன் போட்ட கூச்சலில் மண்டபத்துக்காரர் இரண்டடி பின்னால் போனார். விரித்தால் இன்னும் கிழியும், விட்டால் நாற்காலியின் பாரம் இழுக்கும். கடையில் நாற்காலிகளுக்குத் திருகாணி முடுக்கும் பையன் ஓடிவந்தான்; அவனுக்குப் பெயர் ஸ்பேனர்.

"அண்ணே, அசையாதீங்க. திருகாணியைக் கழட்டித்தான் எடுக்கணும். மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்துட்டேன்டா! அது மட்டும் வர மாட்டேங்குது!"

சட்டையைக் கத்தரித்தார்கள். பட்டையை அறுத்தார்கள். இத்தனை நாள் சுருட்டி வைத்திருந்ததெல்லாம் பட்டப்பகலில் கடை நடுவே சரிந்து விழுந்தது. யாரோ மருந்து வாங்க ஓடினார்கள். எந்தக் கடைக்குப் போகக் கூடாது என்று சொல்ல அவருக்கு மூச்சு வரவில்லை.

மனைவி பஞ்சும் களிம்புமாக வந்தார். பார்த்தார்.

"அக்கா, அந்தத் தோலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. நான் திருகாணியைச் சுத்தறேன்" என்றான் ஸ்பேனர்.

அவர் மண்டியிட்டு, மடிப்புக்கு அடியில் கையைக் கொடுத்தார். அந்த ஈரமும் தளர்வும் பட்டதும் கை தன்னையறியாமல் பின்வாங்கியது. உடனே திரும்பி வந்து, பிசகாமல் பிடித்துக்கொண்டது. வேறு யாரும் கவனித்திருக்க முடியாது. டன் கவனித்தார். வலி எங்கே என்று பிறகு எல்லோரும் கேட்டபோது அவர் வயிற்றைக் காட்டினார்; வேறு எதைக் காட்டுவது?

அதன்பின் வீட்டில் குறையே இல்லை. மனைவி தினமும் தன் கையாலேயே மருந்து போட்டார். மெதுவாக, பதமாக, கடைக்கு வரும் காயக்காரர்களுக்குப் போடுவதுபோல. "எரியுதாங்க?" என்பார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அவர் முகம் சுளிக்கவே இல்லை. முகத்தைச் சுளிக்காமல் வைத்துக்கொள்வதிலேயே அவர் கவனமெல்லாம் இருந்தது. குறட்டை இல்லாத படுக்கையில் அவர் தூங்காமல் கிடப்பது டன்னுக்குத் தெரியும். இப்போது மூக்கருகே கை வருவதில்லை.

டன் காலையில் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க மனைவி ஒருநாள் கடைக்கு வந்தார். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வாசலில் நின்று அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் அந்த முழு உடம்பை, தலையிலிருந்து கால்வரை, நிதானமாக. அட்டையின் மடியில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். கை பின்வாங்கவில்லை.

அந்த நேரத்தில்தானா கண்ணாடி அம்மாள் இன்னொரு நாற்காலி வாங்க வர வேண்டும்?

"இவர் உங்களுக்கு…?" என்றார்.

"என் வீட்டுக்காரர்" என்றார் மனைவி, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மாள் பதறிப்போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நீங்கதானாம்மா அது! போயிட்டாருன்னு உங்க கொழுந்தனார் சொன்னாரும்மா. எனக்கு மனசே ஆறல. இந்த வயசுல இப்படியா?"

மனைவி திரும்பி உள்ளே பார்த்தார். டன் ஒரு மடக்கு நாற்காலியோடு நின்றிருந்தார். அவள் இப்போது சிரித்துவிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். எப்பேர்ப்பட்ட வேடிக்கை! அவள் ஒரு சிரிப்புச் சிரித்தால், அவரும் சிரித்து, சேர்ந்து சிரித்து, வயிறு குலுங்க, தோல் குலுங்க, எல்லாம் சரியாகிவிடும்.

"ஆமாங்க" என்றார் மனைவி. "ஒரு வருஷம் ஆகப்போகுது."

பிறகு அந்த அம்மாளின் தோளில் சாய்ந்து அழுதார். யாராவது கேட்கட்டும் என்று அதுநாள்வரை காத்திருந்தவர்போல அழுதார்.

மனைவி போனதும் அம்மாள் உள்ளே வந்தார். டன் நாற்காலியை உடம்பிலிருந்து எட்டப் பிடித்து, இரண்டு கையாலும் தட்டுத்தடுமாறி மடக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணி ரொம்ப ஒடிஞ்சு போயிருக்காங்க, தம்பி. நீங்கதான் நல்லாப் பாத்துக்கணும்."

"பாத்துக்கறேங்க" என்றார்.